எல்லாக் குழாயும் மூடிய பிறகும்

மருமகள் பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிப் போய் இன்றோடு ஆறு நாள். வீட்டில் யாரும் அவள் பேச்சை எடுப்பதில்லை. எடுக்காமலேயே மூன்று வேளையும் அவள் பேச்சாகத்தான் ஓடுகிறது.

"தட்டு மூணு வச்சிருக்கீங்க," என்றாள் டெய்லரம்மா.

அவள் கணவர் இன்ஸ்பெக்டர் மூன்றாவது தட்டை எடுத்து அலமாரியில் திருப்பி வைத்தார். மகன் லாரியோடு ஊர் ஊராகச் சுற்றுகிறவன், மாதத்தில் நாலு நாள்தான் வீட்டில் தலையைக் காட்டுவான். ஆக, அந்தத் தட்டு யாருடையது என்பதில் சந்தேகமில்லை.

இன்ஸ்பெக்டர் என்றதும் காக்கிச் சட்டையையும் லத்தியையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். மனிதர் குடிநீர் வாரியத்தில் கசிவு கண்டுபிடிக்கிறவர். தெருவில் தண்ணீர் வீணாகிறது என்று புகார் வந்தால், இரும்புக் கம்பியைக் குழாயில் ஊன்றி, மறுமுனையில் காதை வைத்துக் கேட்டு, "இங்க தோண்டு" என்பார். முப்பது வருடத்தில் தப்பான இடத்தைக் காட்டியது இரண்டே முறை. அதற்கும் மண்ணின் மேல் பழியைப் போட்டுச் சமாளித்துவிட்டார்.

இன்ஸ்பெக்டர் பட்டம் மருமகள் கொடுத்தது. ஏழு மாதத்துக்கு முன் நரம்பு டாக்டர் இந்த வீட்டில் கோதுமைக்குத் தடை போட்டாரே, அன்றைக்குப் பூதக்கண்ணாடியோடு சமையலறைக்குள் நுழைந்த மனிதர் இன்னும் வெளியே வந்தபாடில்லை. சாஸ் பாட்டில், மிட்டாய்க் காகிதம், இருமல் மருந்து, எதையும் விட்டுவைக்கவில்லை.

"இன்ஸ்பெக்டர் மாமா, உப்புப் பாக்கெட்ல என்ன மாமா இருக்கப் போகுது? உப்புதான்," என்று அவள் சிரித்ததும் இதே சமையலறையில்தான்.

இந்தத் தொடருக்குப் புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. டெய்லரம்மாவுக்கு வந்திருப்பது செலியாக். கோதுமையிலும் பார்லியிலும் இருக்கிற குளூட்டன் உள்ளே போனால், உடம்பு அதை விரட்டக் கிளம்பி, ஆத்திரத்தில் சொந்த வீட்டையே அடித்து நொறுக்குகிற வியாதி. பலருக்கு வயிற்றில் காட்டும். இவளுக்கு வயிறு ஒரு நாளும் முனகியதில்லை. நேராகச் சிறுமூளைக்கும் நரம்புக்கும் போய்விட்டது. காலை அகட்டி அகட்டி நடந்தாள். பேச்சு குழறியது. பாதம் மரத்துப்போய், ஒரு செருப்பு வாசலிலேயே நின்றுவிட்டது தெரியாமல் தெருக்கோடி வரை போயிருக்கிறாள். "காலையிலேயே போட்டாச்சாம்மா?" என்று ஒரு கடைக்காரர் கேட்க, அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வீடு திரும்பிய கதையெல்லாம் நாம் பார்த்ததுதான்.

வயசு, சத்துக் குறைவு, காதுக் கோளாறு என்று இரண்டு வருடம் ஆளுக்கொன்று சொன்ன பிறகு, இந்த டாக்டர்தான் பெயரைக் கண்டுபிடித்தார். கோதுமையை நிறுத்தியதும் கால் மெல்ல மெல்லத் தேறியது. கை மட்டும் பிடிவாதம் பிடித்தது. சரி, அதுவும் வரும் என்று காத்திருந்தபோது, இரண்டரை மாதமாக எல்லாமே பின்னோக்கிப் போகிறது. கால், பேச்சு, கை எல்லாமே.

எப்படிப் போகும்? யார் கொண்டுவருகிறார்கள்? இன்ஸ்பெக்டர் கண்ணுக்கு ஒருத்திதான் பட்டாள். மருமகளுக்கு ரொட்டிக் கடையில் கல்லா வேலை. பாவம், கடையிலேயே உடுப்பு மாற்றி, வந்ததும் தலைக்குக் குளித்த பிறகுதான் அத்தை பக்கத்திலேயே போவாள். அது போதவில்லை அவருக்கு. போன ஞாயிற்றுக்கிழமை கூடத்தின் நடுவில் நிறுத்தி, "பையைக் கொட்டு" என்றுவிட்டார்.

கொட்டினாள். சீப்பு, சாவி, கைக்குட்டை, கிழிந்த பஸ் டிக்கெட். ஒரு பொடி இல்லை.

"திருப்தியா மாமா?" என்று கேட்டாள். அதே பையில் நாலு துணியைத் திணித்துக்கொண்டு தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள்.

இன்று சனிக்கிழமை. பதினோரு மணிக்கு டாக்டர் ரத்தப் பரிசோதனை முடிவைச் சொல்கிறார். இன்ஸ்பெக்டர் லீவு போட்டிருந்தார்.

இருந்தாலும் தினசரி வேலையை அவர் விடவில்லை. கூடத்து மூலையில் உட்கார்ந்து, கண்டிலிருந்து நூலை முழ அளவில் நறுக்கினார். அறுபது நூல். ஒவ்வொன்றின் முனையையும் சின்ன டப்பாவிலிருந்த பசையில் தோய்த்து, துணி மாட்டும் ஹேங்கரில் வரிசையாகத் தொங்கவிட்டார். அரை மணியில் காய்ந்து முனை குச்சிபோல் விறைத்துக்கொள்ளும். ஊசிக் காதில் வழுக்கிக்கொண்டு நுழையும். 'நாளை தண்ணீர் வராது' என்று சுவரில் நோட்டீஸ் ஒட்ட ஆபீசில் கொடுக்கிற பசைதான் அது.

மெஷினை மிதிக்கக் கால் ஒத்துழைக்காததால் டெய்லரம்மா கைவேலையை மட்டும் வைத்துக்கொண்டிருந்தாள். பட்டன், கொக்கி, மடிப்புத் தையல். அதிலும் நூல் கோக்க முடியாமல் ஒரு நாள் ஊசியைச் சுவரில் விட்டெறிந்தாள். அன்றைக்கு அவருக்கு உதித்த யோசனை இது. வாயைத் திறந்து கொஞ்சத் தெரியாத மனிதர். இப்படித்தான் தெரியும்.

"முப்பத்திரண்டு வருஷத்துல இப்பத்தான் எனக்குன்னு ஒரு வேலை பண்ணியிருக்கீங்க," என்று அன்று அவள் கேலி செய்தாள். அந்தக் கேலியை நினைத்து நினைத்து அவர் தினமும் அறுபது நூல் தோய்க்கிறார்.

*

"கண்ணை மூடிட்டு, ஆள்காட்டி விரலால உங்க மூக்கைத் தொடுங்க," என்றார் டாக்டர்.

டெய்லரம்மாவின் விரல் கன்னத்தைத் தொட்டது. மறுபடி முயன்றாள். காதோரம் போனது. இன்ஸ்பெக்டர் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தார்.

"போதும்மா, கண்ணைத் திறங்க." டாக்டர் காகிதத்தைத் திருப்பி அவர்கள் பக்கம் தள்ளினார். "ரத்தத்துல எதிர்ப்பு அளவு ஆரம்பத்துல நூத்தி நாப்பது. நடுவுல முப்பத்தெட்டுக்கு வந்துச்சு. எனக்கு அவ்வளவு சந்தோஷம். இப்ப தொண்ணூத்தி ஒண்ணு."

"ஐயோ," என்றாள் டெய்லரம்மா. அந்த ஒரு சொல் மட்டும் குழறாமல் வந்தது.

"எங்கிருந்தோ உள்ள போகுது. இல்லன்னா சாப்பாட்டை மாத்தியும் அடங்காத வகையா இருக்கணும். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. வாய்க்குள்ள என்னென்ன போகுது?"

இதற்காகவே காத்திருந்தவர்போல் இன்ஸ்பெக்டர் நோட்டை விரித்தார். ஏழு மாதக் கணக்கு. அரிசி வாங்கிய கடை, மாத்திரை உறையில் இருந்த வரிகள், பல் தேய்க்கிற பேஸ்ட், முகத்துக்குப் போடும் கிரீம் வரைக்கும். டாக்டர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். அவர் புருவம் மெல்ல உயர்ந்தது.

"இவ்வளவு கவனமா யாரும் எழுதிட்டு வந்ததில்ல சார்."

"எல்லாக் குழாயும் மூடியாச்சு டாக்டர்," என்றார் இன்ஸ்பெக்டர். பெருமையை மறைக்கத் தெரியவில்லை அவருக்கு.

"அப்படின்னா நான் காத்திருக்க முடியாது. சிறுமூளையில போறது திரும்பி வராது. திங்கட்கிழமை அட்மிட் பண்ணுங்க. உடம்போட எதிர்ப்பையே அடக்கி வைக்கிற மருந்து கொடுக்கணும். லேசான மருந்து இல்ல. சாதாரணச் சளி பிடிச்சாக்கூட பயப்படணும். ஆனா வேற வழி எனக்குத் தெரியல."

டெய்லரம்மா மடியிலிருந்த கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டாள்.

"நாளைக்குள்ள எதாவது கண்ணுல பட்டா எனக்கு உடனே போன் பண்ணுங்க," என்று டாக்டர் தன் நம்பரை நோட்டிலேயே எழுதிக் கொடுத்தார்.

வெளியே பஸ் நிறுத்தத்து பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள். இன்ஸ்பெக்டரின் மண்டைக்குள் ஒரே எண்ணம் ஓடியது. எல்லாக் குழாயையும் அடைத்த பிறகும் மீட்டர் சுற்றினால், நமக்குக் காட்டாத ஒரு இணைப்பு எங்கேயோ இருக்கிறது. தொழிலில் சேர்ந்த முதல் வாரமே சொல்லிக்கொடுத்த பாடம். மருமகள் போய் ஆறு நாள். வேறு யார் பாக்கி?

"நான் ஒண்ணு கேட்டா கோச்சுக்கக் கூடாது," என்று ஆரம்பித்தார்.

"கேக்காதீங்க."

"இல்ல, நாக்கு செத்துப்போயி, எப்பவாவது ஒரு துண்டு ரொட்டி..."

டெய்லரம்மா திரும்பிப் பார்த்தாள். அவளுக்கு இப்போது வேகமாகப் பேச வராது. வார்த்தையை ஒவ்வொன்றாகத் தூக்கி வைக்க வேண்டும்.

"அவ... பையைக் கொட்டியாச்சு. இப்ப... என் வயித்தைக் கொட்டணுமா?"

பஸ்ஸில் அவள் தனி இருக்கை பார்த்து உட்கார்ந்தாள். இறங்கும்போது மட்டும், வேறு வழியில்லாமல், அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

*

வீட்டுக்குள் வந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு தன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். பக்கத்தில் நர்சுகளுக்கான வெள்ளைக் கோட்டுகள் குவிந்து கிடந்தன. கோட்டுக்கு ஐந்து பட்டன். திங்கட்கிழமை ஆஸ்பத்திரி என்றால் இன்றைக்கே முடித்தாக வேண்டும். கோபம் வந்தால் அவளுக்குத் தைக்க வேண்டும். அது எப்போதும் அப்படித்தான்.

இன்ஸ்பெக்டர் எதிரே நோட்டோடு உட்கார்ந்தார். ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். இந்த நேரத்தில் அவர் வீட்டில் இருந்ததே இல்லை. காலை ஏழுக்குப் போனால், அவள் எல்லாவற்றையும் மூட்டை கட்டி வைத்த பிறகுதான் திரும்புவார். ஞாயிற்றுக்கிழமை அவள் ஊசியைத் தொடமாட்டாள். தான் தோய்த்து வைத்த நூலை அவள் எப்படிக் கோக்கிறாள் என்று இந்த இரண்டரை மாதத்தில் அவர் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

டெய்லரம்மா ஹேங்கரிலிருந்து ஒரு நூலை உருவினாள். இடது கையில் ஊசி. நூல் முனையை உதட்டுக்கு நடுவில் வைத்து, பல்லால் மெல்லக் கடித்து, நாக்கு நுனியில் ஈரம் பண்ணி, கூராக்கி எடுத்தாள். பிறகு ஊசிக் காதில் நுழைத்தாள்.

பட்டனைத் தைத்தாள். நூலை அறுத்தாள். அடுத்த நூல். உதடு, பல், நாக்கு.

இன்ஸ்பெக்டர் நோட்டில் ஏதோ எழுதப் போனவர் பேனாவை அப்படியே வைத்துக்கொண்டிருந்தார்.

"நீ... அதை ஏன் வாயில வைக்கிற?"

"எதை?"

"நூலை."

அவள் அவரைப் பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். "எந்த டெய்லர் வாயில வைக்காம கோப்பா?"

"முனையைத்தான் நான் விறைப்பாக்கிக் குடுக்கிறேனே! நேரா நுழைக்கலாமே!"

"கை அப்படிப் பழகிப்போச்சு." பிறகு, காலையிலிருந்து முதல் தடவையாக, உதட்டோரம் கொஞ்சம் சிரிப்பு வந்தது. "ரொம்ப நாளா சொல்லணும்னு. உங்க பசை... உப்புக் கரிக்குது."

எழுந்தார். உட்கார்ந்தார். மறுபடி எழுந்துபோய், மூலையிலிருந்த டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்த்தார். முகர்ந்து என்ன தெரியப் போகிறது? முப்பது வருடமாக அந்தப் பசை எதில் காய்ச்சுகிறார்கள் என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும், ஆபீஸ் ஸ்டோர்காரருக்குப் போன் போட்டார், யாராவது இல்லை என்று சொல்லிவிட மாட்டார்களா என்கிற நப்பாசையில்.

"பசையா? வேற எதுல காய்ச்சுவாங்க, மைதாலதான். புளிக்காம இருக்க ஒரு பிடி உப்பு. ஏன் சார், நோட்டீஸ் நிக்கலையா?"

"நிக்குது," என்றார் இன்ஸ்பெக்டர். "நல்லா நிக்குது."

போனை வைத்துவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்தார். சமையலறையில் ஒரு கடுகு அளவுகூட விடவில்லை. உப்புப் பாக்கெட்டைக்கூடப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தார். தன் வேலைப் பை மட்டும் கூடத்து ஆணியில் தொங்கிக்கொண்டே இருந்தது. பசை சாப்பிடுகிற சாமானா என்ன, நோட்டில் எழுதுவதற்கு?

"என்னங்க? மயக்கமா?" டெய்லரம்மா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழப் பார்த்தாள்.

"எழுந்துக்காத. விழுந்துடுவ." அவர் குரல் அவருக்கே புதிதாக இருந்தது. "அந்த நூலைக் கீழ போடு. எல்லாத்தையும் போடு. வாயைக் கொப்பளி. நான்தான்மா. நான்தான் உனக்குத் தினமும் அறுபது தடவை ஊட்டிவிட்டிருக்கேன். அது மைதா. கோதுமைதான்."

அவளுக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆனது. ஹேங்கரைப் பார்த்தாள். தன் விரலைப் பார்த்தாள். கறுப்பும் வெள்ளையுமாக நூல்கள் காற்றில் லேசாக ஆடின.

"உங்களுக்குத் தெரியாது," என்றாள் கடைசியில்.

"தெரியணும்ல! எனக்குத் தெரியலன்னா வேற யாருக்குத் தெரியும்? ஊர்க் குழாயெல்லாம் காதை வச்சுக் கேட்டவன்..." முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். பெற்ற தாய் போனபோதுகூட அவர் இப்படி அழுததில்லை.

அவள் அவரை அழவிட்டாள். சமாதானம் சொல்லவில்லை. அவளுக்கும் உள்ளே கொதிக்கத்தானே செய்யும்? இரண்டரை மாதம். மூக்கைத் தேடித் தேடிக் காதுக்குப் போன விரல் அவளுடையது.

"முதல்ல டாக்டர்," என்றாள்.

டாக்டர் முழுவதையும் கேட்டார்.

"திங்கட்கிழமை வர வேண்டாம். நூலை மாத்துங்க. ஊசியைக்கூட மாத்துங்க. ஆறு வாரம் கழிச்சு ரத்தம் பாக்கலாம்."

"கை திரும்ப வந்துடுமா டாக்டர்?"

"அளவு இறங்கும், அதை என்னால சொல்ல முடியும். கை எவ்வளவு வரும்னு இப்ப நான் வாக்குக் குடுக்க மாட்டேன் சார்."

நல்ல சேதிதான். அந்த மருந்து இல்லை, ஆஸ்பத்திரி இல்லை. ஆனாலும் அவர் தரையிலிருந்து எழவில்லை.

"என்னை விடுங்க," என்றாள் டெய்லரம்மா. "அந்தப் பொண்ணுகிட்ட... என்ன சொல்லப் போறீங்க?"

*

மணி நாலரை இருக்கும். நம்பரை அழுத்துவதற்குள் இரண்டு தடவை தண்ணீர் குடித்தார். என்ன பேசுவது என்று நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கூட வைத்துக்கொண்டார். 'நான் செய்தது தப்பு' என்று முதல் வரி.

முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள்.

"மாமா! நானே கூப்பிடணும்னு இருந்தேன். ரிசல்ட் என்ன ஆச்சு? அத்தைக்கு எப்படி இருக்கு?"

"அது வந்து..."

"நான் முதல்ல சொல்லிடறேன் மாமா. நான் கடை வேலையை விட்டுட்டேன். புதன்கிழமையே எழுதிக் குடுத்துட்டேன். யோசிச்சுப் பார்த்தா உங்க மேலயும் தப்பில்ல. தலைமுடியில, நகத்துல, எதுலயாவது ஒட்டிக்கிட்டு வந்திருக்கும். இனிமே அத்தைக்கு ஒண்ணும் ஆகாது. நான் வரலாமா மாமா?"

எழுதி வைத்த வரி கண் முன்னால்தான் இருந்தது. படிக்கத்தான் வரவில்லை. ஏழு வருடமாக அந்தக் கல்லாவில் உட்கார்ந்தவள். போன மாதம்தான் கடையின் பொறுப்பை முழுசாகக் கொடுக்கப் போகிறார்கள் என்று இனிப்போடு வந்து நின்றாள். அந்த இனிப்பையும் வாசலில் நிறுத்தி லேபிள் கேட்டவர்தான் இவர்.

"சொல்லுங்க," என்றாள் டெய்லரம்மா, பக்கத்திலிருந்து.

சொன்னார். நூல், பசை, உதடு, உப்பு, ஸ்டோர்காரர், ஒன்றுவிடாமல். மூச்சு வாங்கச் சொல்லி முடித்தார். கடைசியில், "என்னை மன்னிச்சுடும்மா" என்றார். அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வீட்டில் யாரும் கேட்டதில்லை.

அந்தப் பக்கம் எங்கேயோ ஒரு குழந்தை அழுவதும், யாரோ அதட்டுவதும் மட்டும் கேட்டது.

"அந்த இடத்துக்கு இன்னிக்குக் காலையில வேற ஆளைப் போட்டுட்டாங்க மாமா," என்றாள். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

"அத்தைகிட்ட குடுங்க."

டெய்லரம்மா போனை இரண்டு கையாலும் பிடித்துக் காதில் வைத்தாள். அவருக்கு இந்தப் பக்கம் மட்டும்தான் கேட்டது.

"ம்... ஆமா... இல்லடி, எனக்கு வலியெல்லாம் இல்ல... ம்... அவரா? கீழ உக்காந்திருக்கார்... அழுதார்... ஆமா, நிஜமா... சரி... சரிடி. நீ சொல்றது நியாயம்தான்."

போனை வைத்தாள்.

"வராளா?"

"நாளைக்கு வரா."

"இருக்கறதுக்கா? இல்ல, மிச்சத் துணியை எடுத்துட்டுப் போறதுக்கா?"

"அதை... அவ சொல்லல. ஒண்ணு மட்டும் கேட்டா."

"என்ன கேட்டா?"

டெய்லரம்மா வார்த்தைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து, ஒன்றுகூடக் குழறிவிடக் கூடாது என்கிற கவனத்தோடு சொன்னாள். "'கூடத்துல நிறுத்தி என் பையைக் கொட்டச் சொன்னாரே. மாமா பையை யாராவது கொட்டிப் பார்த்தீங்களா அத்தை?' அப்படின்னு கேட்டா."

"நீ என்ன சொன்ன?"

"இல்லன்னு சொன்னேன். நாளைக்கு வந்து... அவளே கொட்டிப் பார்ப்பாளாம்."

இன்ஸ்பெக்டர் திரும்பி ஆணியைப் பார்த்தார். காக்கி நிறக் கான்வாஸ் பை, இருபது வருடப் பழசு. தினமும் அவரோடு ஆபீஸ் போய் வருவது, அவர் தோளில் இருந்தபடியே சமையலறை வரை நுழைவது. எழுந்து போய் அதைக் கழற்றி, போன ஞாயிற்றுக்கிழமை மருமகள் நின்ற அதே இடத்தில், கூடத்தின் நடுவில் வைத்தார்.

திறக்கக் கை போனது. டெய்லரம்மா வேண்டாம் என்று தலையாட்டினாள்.

அவர் கையை எடுத்துக்கொண்டார். ஆபீசில் தினமும் நாலு மணி டீயோடு பிஸ்கட் கொடுப்பார்கள். தின்றது போக மிச்சத்தை எங்கே வைத்தார் என்று எவ்வளவு யோசித்தும் அவருக்கு ஞாபகம் வரவில்லை.